பழைய காரில் எண்ணெய்க் கசிவு: ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள்

தந்தையார் வாங்கிய அம்பாசிடர் காரை இன்றும் பேணி வரும் குடும்பங்கள் உண்டு. அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனவே, இருக்கும் வண்டியைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை. ஆனால், தரையில் தெரியும் கரும்புள்ளியை, "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று பலரும் விட்டுவிடுகின்றனர்.

எண்ணெய் குறைந்தால் பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் இறுகிவிடும். சூடான புகைக்குழாயின்மீது சொட்டினால் தீப்பற்றவும் கூடும். கிளட்ச் தட்டில் படிந்தாலோ, மேட்டில் வண்டி இழுக்காது. குடும்பத்துடன் தல்லாகுளத்திலிருந்து நெடுந்தொலைவு புறப்படுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும்; வண்டி ஓடுகையில் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆகவே, சொட்டும் இடமெல்லாம் கசியும் இடமன்று. ஆறிய என்ஜினை நன்கு துடைத்து உலரவிடுங்கள். ஐயத்திற்குரிய இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பவுடர் நனைந்த இடங்களுள் மிக உயரமானது எதுவோ அதுவே ஊற்றுக்கண்.

பேக்கிங்கை மாற்றுமுன் என்ஜினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். அது அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல பேக்கிங் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். பல வேளைகளில் இக்குழாயைச் சுத்தம் செய்வதே போதுமானதாகிவிடும்.

மேல்மூடியில் கசிந்தால் நட்டை மேலும் மேலும் முறுக்காதீர்கள். தகடு வளைந்து, கார்க் பேக்கிங் நசுங்கிக் கசிவு பெருகும். பழைய பேக்கிங்கைச் சுரண்டியெடுத்து, இரு பரப்புகளையும் துடைத்து, புதியதை வைத்துச் சீராக இறுக்குவதே முறை.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளமே எண்ணெயை உள்ளே திருப்புகிறது. அங்கே சிறிது ஈரம் காண்பது இயல்பு. சொட்டு மிகுந்தால் மட்டுமே என்ஜினை இறக்கும் பெருஞ்செலவில் இறங்கலாம். அதற்கு முன் மேலே உள்ள இடங்களையெல்லாம் சோதித்தீர்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்காதீர்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நீர்நிலையைச் சென்று சேரும். மூடிய டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுப்போரிடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை, சமதரையில், என்ஜின் ஆறியபின் அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால், ஓர் என்ஜினின் விலையை அது மிச்சப்படுத்தக்கூடும்.