“பையைக் கொடுங்க தம்பி!”

ஊட்டி என்றால் நம் ஆட்களிடம் ஒரு பட்டியல் ரெடியாக இருக்கும். படகு, பொட்டானிகல் கார்டன், தொட்டபெட்டாவில் சுட்ட சோளம், திரும்பும்போது வர்க்கி ஒரு கிலோ, தைலம் ஒரு பாட்டில். லிஸ்ட் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம். அந்த லிஸ்ட்டில் காந்தல் இருக்காது.

காந்தல் ஊட்டி நகரத்துக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி மேற்கே இருக்கும் பகுதி. டூரிஸ்டுகளுக்காக அங்கே யாரும் தொப்பி விற்பதில்லை. நெருக்கமான வீடுகள், டீக்கடை, ஏற்ற இறக்கமான தெருக்கள். ஆனால் கத்தோலிக்கர்களிடம் காந்தல் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வார்த்தை ‘குருசடி’ என்று வரும்.

‘குருசு’ என்பது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். சிலுவை என்று அர்த்தம். சிலுவை நிற்கிற இடம் குருசடி. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துணுக்கு என்று நம்பப்படும் ஒன்றைக் காந்தல் குருசடியில் வைத்து வணங்குகிறார்கள். மே மாதம் திருவிழா. மதம் பார்க்காமல் கூட்டம் வரும்.

நான் பி.காம். பட்டை போடுகிற குடும்பம். ‘உனக்கும் சிலுவைக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த மலையில் கிறிஸ்தவர்களைத் தேடி ஏறிய ஒரு மனிதரைப் பார்த்துவிடலாம்.

கண்ணாடி கொடுத்த பாதிரியார்

வருஷம் 1603. ஊட்டி என்ற நகரமே கிடையாது. ரயில் கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. கேரளப் பக்கம் ஒரு வதந்தி உலவியது. நீலமலை உச்சியில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களாக இருந்து, வெளியுலகத் தொடர்பு அறுந்துபோனவர்கள் என்று.

அதை நேரில் பார்த்து வரக் கிளம்பினார் யாக்கோமோ ஃபெனிசியோ என்ற இத்தாலிய யேசு சபைப் பாதிரியார். மன்னார்க்காடு பக்கமிருந்து காடும் பாறையுமாக மலை ஏறினார். மேலே அவர் சந்தித்தது தோடர்களை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார், அவர்களுக்கு ஒரே குஷி! எல்லாம் விசாரித்த பிறகு தெரிந்தது, அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எருமையைத் தெய்வமாக மதிக்கிற, தங்களுக்கென்று தனி வழிபாடு உள்ள மக்கள். பாதை கடினம், ஆட்களும் குறைவு என்று எழுதி வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தக் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை, ரிவர்ஸ் என்ற அறிஞர் 1906-ல் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்.

பாதிரியாரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் ஏறிய பாதையில் நான் பத்து நிமிஷம் தாங்கமாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர் தேடிப்போனது தன்னைப் போன்ற ஆட்களை. கிடைக்கவில்லை என்றதும் வேலை முடிந்தது. நாமும் அப்படித்தானே? புது ஆபீஸில் சேர்ந்ததும் முதல் கேள்வி ‘சாருக்கு எந்த ஊர்?’ நம்ம ஊர் என்றால் டிபன் பாக்ஸ் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும்.

பிற்காலத்தில் வந்தவர்களில் சிலர் இறங்கிப் போகவில்லை. பாசல் மிஷன்காரர்கள் 1840-களில் கேத்தியில் தங்கி, படகர்களின் கிராமம் கிராமமாக நடந்தார்கள். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். பத்து வருஷத்துக்கு மேல் நடந்து ஒரு ஆள்! நம் மேனேஜராக இருந்தால் அந்த பிராஞ்சையே மூடியிருப்பார். காதரின் லிங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, தோடர்களிடையே பல பத்தாண்டுகள் வேலை செய்தார். டார்கெட் பார்த்துக் கிளம்பியிருந்தால் இவர்களில் ஒருவரும் தங்கியிருக்க மாட்டார்கள்.

வழியில் மாட்டிக்கொண்டவன்

கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சுவரைச் சுற்றிப் 14 படங்கள் இருக்கும். அதுதான் சிலுவைப்பாதை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு படமாக நின்று ஜெபித்துக்கொண்டே நடப்பார்கள். எருசலேம் வரை போக வசதியில்லாதவர்கள் உள்ளூரிலேயே அந்தப் பாதையை நடக்க வழி செய்தவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். எண்ணிக்கை 14 என்று உறுதியானது 1731-ல், பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் காலத்தில்.

அதில் ஐந்தாவது படத்தில் வருகிற ஆசாமியைத்தான் எனக்குப் பிடிக்கும். பெயர் சீமோன், சொந்த ஊர் சீரேன். வெளியூரிலிருந்து தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். படைவீரர்கள் பிடித்து, ‘இந்தச் சிலுவையைத் தூக்குடா’ என்று இயேசுவின் சுமையை அவன் தோளில் ஏற்றிவிட்டார்கள். அவன் சீடன் இல்லை. போதனை கேட்க வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ‘இந்த ஃபைலை முடிச்சிட்டுப் போப்பா’ என்று மாட்டிவிடப்படுகிற நம்மைப் போல ஒருவன்!

ஆனால் மாற்கு தன் சுவிசேஷத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார். சீமோன் என்பவன் அலெக்சாந்தர், ரூபு இவர்களுடைய தகப்பன் என்று. பிள்ளைகள் பெயரை எதற்காகச் சொல்ல வேண்டும்? படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருந்ததால்தான் என்கிறார்கள் அறிஞர்கள். அதாவது, வழியில் மாட்டிக்கொண்டவனின் குடும்பம் பின்னால் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. சுமையில் ஆரம்பித்த உறவு.

ஒருசந்தி

இப்போது என் நண்பன் கதை. கோயமுத்தூரில் ஒரு ஆபீஸில் என்னோடு குப்பை கொட்டியவன். பிறப்பால் கத்தோலிக்கன். அம்மா இறந்த பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

“கடவுள் மேல கோபமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லடா. உள்ள நுழைஞ்சா ஆளாளுக்கு ஆறுதல் சொல்றாங்க. தாங்கலை” என்றான்.

அதற்குப் பதில் நடக்க ஆரம்பித்தான். லீவு கிடைத்தால் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி. இறங்கி, கால் போன பக்கம் நடப்பான். துணைக்கு யாரையும் சேர்க்கமாட்டான்.

ஒரு லீவு நாள். மார்ச் முடிவுக் கணக்கில் நாலு ராத்திரி தூக்கம் கெட்ட உடம்பு. காந்தலில் ஒரு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டான். பின்னால் வந்த பெரியவர், எழுபது வயசிருக்கும், “பையைக் கொடுங்க தம்பி” என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். முப்பது வயசு ஆசாமி வெறுங்கையோடு பின்னால்! ஆறுதல், உபதேசம் எதுவும் இல்லை. வழியெல்லாம் பேச்சு கேரட் விலையைப் பற்றித்தான்.

மேலே டீக்கடை. பெரியவர் ஒரு டீ, ஒரு பன் சொன்னார்.

“உங்களுக்குங்க ஐயா?”

“நான் ஒருசந்தி தம்பி. நீங்க சாப்பிடுங்க.”

ஒருசந்தி என்பது கத்தோலிக்கர் வீட்டுச் சொல். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற விரதம். அம்மா இருந்தவரை வீட்டில் புழங்கிய வார்த்தை. அப்போதுதான் அவனுக்கு உறைத்ததாம், அன்று பெரிய வெள்ளிக்கிழமை. தனக்கு லீவு விட்டதே அதற்காகத்தான்!

“பன்னைப் பிட்டேன். தொண்டையில எறங்கலைடா” என்றான் என்னிடம். அன்று பெரியவரோடு குருசடிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றிருக்கிறான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பைபிளில் இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. இரண்டு பேர் சோகமாக எம்மாவு என்ற ஊருக்கு நடந்து போகிறார்கள். மூன்றாவதாக ஒருவர் சேர்ந்துகொள்கிறார். வழியெல்லாம் பேசியும் அவர் இயேசு என்று தெரியவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிகிறது. இதை நண்பனிடம் சொன்னேன். “எனக்கே பைபிள் சொல்றியா?” என்று சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்த சிரிப்பு.

மெதுவாக நடப்பவரே லீடர்

இப்போது அவனுக்கு நடக்க நாலைந்து பேர் கூட்டு. ஒருமுறை நானும் ஒட்டிக்கொண்டேன். அவர்களிடம் ஒரே ஒரு சட்டம். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் முன்னால். அன்று அந்தப் பதவி எனக்கு! ஜெபம் செய்தபோது ஓரமாக நின்றேன். என்னைக் கூப்பிடவும் இல்லை, தள்ளவும் இல்லை. குளிரில் ஃபிளாஸ்க் மூடியில் காபி மட்டும் என் பக்கம் முதலில் வந்தது.

எனக்கு விசுவாசம் வந்ததா என்றால், இல்லை. பட்டை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் நண்பனுக்கு ஆறுதல் சொல்லி நாங்கள் ஆறு பேர் தோற்ற இடத்தில், கேரட் விலை பேசிய பெரியவர் ஜெயித்தது எப்படி என்று புரிந்தது. நாங்கள் எதிரே உட்கார்ந்து பேசினோம். அவர் கூட நடந்தார்.

நடக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ரோடு, தெரு என்றால் உங்கள் இஷ்டம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பணம் கட்டி வழிகாட்டியோடு போகலாம். ஊட்டிப் பக்கத்துப் பாதைகளும் அதில் உண்டு. ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

இன்னொன்று. ஏற்றத்தில் யாராவது மூச்சு வாங்கி நின்றால், ‘சாருக்கு எந்த ஊர்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் பையை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர், பேர், மதம் எல்லாம் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.