குருத்தைப் பிரித்துப் பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் இத்தனை பரவியதில் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எவ்வளவு விளைந்தாலும் தீவனத்துக்குப் போகும் என்ற நம்பிக்கை. 2018-ல் அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. சொல்லப்போனால், முதலில் இலையில்தான் விழுந்தது.

வந்த புழுவின் பெயர் படைப்புழு. பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறிந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காடுகாடாகத் தின்று தீர்த்தது. தாய் அந்துப்பூச்சி காற்றோடு சேர்ந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர் போகும். சோதனைச் சாவடி போட்டா அதை நிறுத்த முடியும்?

ஒரு தாய் 1,000 முட்டைக்கு மேல் இடும். குவியல் குவியலாக இட்டு, தன் உடல் செதில்களாலேயே மூடிவைக்கும். குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கிவிடும். அங்கே கூட்டுக்குடித்தனம் கிடையாது. பெரியது சின்னதைத் தின்றுவிடும், கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். ஆனால் ஒரு பயிரைக் கெடுக்க அந்த ஒன்று போதும். தலையில் தலைகீழ் ‘ஒய்’ போன்ற வெளிர்கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அதேதான்.

நாம் ஏமாறுவது குருத்தில்தான். மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொண்டு புழு உள்ளே கிடக்கிறது. நாம் உச்சிவெயிலில் இலைமேல் மருந்தடிக்கிறோம். வளர்ந்த புழுவுக்கு எந்த விலை மருந்தும் பாதி வீண் என்பது என் கருத்து. அடிப்பதானால் புழு சிறிதாக இருக்கும்போதே, காலையிலோ மாலையிலோ, குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியவை மலிவானவை. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால், கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்தால் புழுவைத் தின்னும் பூச்சிகள் வந்து சேரும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து விழத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது என்று பொருள்.

ஒருவர் ஆடியில், அடுத்தவர் புரட்டாசியில் விதைத்தால் புழுவுக்கு வருடமெல்லாம் இளங்குருத்து கிடைக்கும். ஊர் கூடி ஒரே சமயத்தில் விதையுங்கள். முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்தே காட்டுக்குள் இறங்கி, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் அங்கேயே கையால் நசுக்கிவிடுங்கள்.