உங்களுக்குத் தெரியுமா? சென்னையின் ‘ஹெரால்ட்’, ஸ்போர்ட்ஸ் காருக்கு உறவுக்காரன்!

● பூந்தமல்லி அருகே நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வண்டலூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ‘ஹெரால்ட்’ கார்களைத் தயாரித்தது.

● இங்கிலாந்தின் ‘டிரையம்ஃப் ஹெரால்ட்’தான் அதன் மூலம். அதன் சேஸிஸை நீளம் குறைத்துத்தான் 1962இல் ‘டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி.

● ஹெரால்டின் பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். டயரில் உட்கார்ந்தபடியே மெக்கானிக் இன்ஜின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும்!

● பழைய ஸ்போர்ட்ஸ் கார்மீது ரசிகர்களுக்கு ஏன் இத்தனை மோகம்? எடை குறைவு; பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் எதுவும் குறுக்கே இல்லை. சாலையின் ஒவ்வொரு அசைவும் கைக்கு வந்து சேரும். புதிய கார் வேகத்தில் ஜெயிக்கும். பழையதோ மெதுவாகப் போகும்போதே ‘த்ரில்’ தரும். ஆனால், பாதுகாப்பில் புதியதே மேல்.

● பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தளம். நீளம் சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள்.

● 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களை ‘விண்டேஜ்’ எனத் தனியாகப் பதிவு செய்ய 2021 முதல் மத்திய அரசு விதி உண்டு. எண்ணில் ‘விஏ’ எழுத்துகள் இருக்கும். ஆனால், அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை!