மேயருக்கு ஒரு கடிதம்

'ரிவர் சிட்டி' என்றொரு ஊர். காலம் 19ஆம் நூற்றாண்டு. ஊரில் பலர் நோயில் படுத்திருக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளி மாணவர்கள் சிறு குழுக்களாக உள்ளே போய்த் துப்பறிய வேண்டும். தெருவில் எதிர்ப்படுபவரிடம் பேச்சுக் கொடுக்கலாம், மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டலாம், தண்ணீரை அள்ளி நுண்ணோக்கியில் பார்க்கலாம். தண்ணீரால் வருவது, பூச்சியால் வருவது, காற்றில் பரவுவது என்று மூன்று வகை நோய்கள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. அதனால் முதலில் தோன்றிய காரணத்தையே பிடித்துக்கொண்டு விடை எழுதிவிட முடியாது.

இது கணினிக்குள் இருந்த ஊர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் டீட் குழுவினர் 2000களில் உருவாக்கினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஊருக்கு இரண்டு பிரதிகள் இருந்ததுதான். ஒன்றில் எல்லாம் பழையபடி. மற்றதில் மாணவர்கள் சொன்ன ஒரே ஒரு காரணி மட்டும் மாறியிருக்கும். இரண்டிலும் நோயாளிகளை எண்ணிப் பார்த்து, தங்கள் ஊகம் சரியா என்று சோதித்து, முடிவை மேயருக்குக் கடிதமாக எழுத வேண்டியிருந்தது. நிஜ ஊரில் யார் இப்படிச் செய்ய விடுவார்கள்?

கவனியுங்கள், இதற்கு மெய்நிகர் (விஆர்) கண்ணாடி தேவைப்படவில்லை. சாதாரணக் கணினித் திரையே போதுமானதாக இருந்தது.

இன்று மெய்நிகர் உலகம் என்றதும் அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது. அதன் அடிப்படை பழையது. இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை ஆழத்தை உணரும் என்று சார்லஸ் வீட்ஸ்டோன் 1838லேயே விளக்கிவிட்டார். 1968இல் ஐவன் சதர்லாந்து, தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் கருவியைச் செய்தார். கனம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றைய கண்ணாடிக்குள் இருக்கும் உணரிகள் தலையசைவை நொடிக்குப் பலமுறை அளக்கின்றன. காட்சி சற்றுப் பிந்தினாலும், கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப்போகாமல் குமட்டும்.

அந்தக் கண்ணாடி பாடத்தை நன்றாகக் கற்றுத்தருகிறதா? ஆய்வாளர் கைடோ மக்ரான்ஸ்கியும் சகாக்களும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே ஆய்வகப் பயிற்சியைத் திரையிலும் கண்ணாடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி அணிந்தபோது அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளையலைப் பதிவிலும் சுமை அதிகமாகத் தெரிந்தது. வேடிக்கை பார்ப்பதிலேயே கவனம் போனால் பாடம் எங்கே ஏறும்! அதற்காகக் கண்ணாடியே வீண் என்றும் சொல்ல முடியாது. மூலக்கூறின் வடிவத்தைச் சுற்றிவந்து பார்க்க அதைவிட நல்ல வழி குறைவு.

இன்னொரு சிக்கல், அந்த மெய்நிகர் உலகம் யாருடையது என்பது. அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்குள் கைப்பேசியைச் செருகி வகுப்பையே சுற்றுலா அழைத்துப்போன கூகுளின் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' 2015இல் அறிமுகமானது. 2021இல் நிறுவனமே அதை மூடிவிட்டது. அதை நம்பிப் பாடம் தயாரித்த ஆசிரியர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஆகவே, மெய்நிகர் வகுப்பறை என்று யாராவது விற்க வந்தால் பள்ளிகள் இரண்டே கேள்விகள் கேட்கட்டும். உள்ளே போகும் பிள்ளையால் எதையாவது மாற்றிப் பார்த்துச் சோதிக்க முடியுமா? நீங்கள் கடையை மூடினாலும் அந்த உலகம் எங்களிடம் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டும் விலையைப் பேசுங்கள்.