மின்கருவி பழகுவோம்

மட்டாஞ்சேரி, கொச்சி நகரின் பழைய பகுதி. காயல் ஓரத்தில் இருக்கிறது. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழி பேசும் மக்கள் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள்.

இங்கே ஓர் அரண்மனை இருக்கிறது. ஏறத்தாழ 1555-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். அதனால் டச்சு அரண்மனை என்ற பெயர் வந்தது. உள்ளே போனால் நிமிர்ந்து பாருங்கள். மரத்தில் செதுக்கிய மேற்கூரை தெரியும். அதைச் செய்த தச்சர்களிடம் மின்சாரம் இல்லை. உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, ரம்பம் ஆகிய கைக்கருவிகளே இருந்தன.

இன்றும் மட்டாஞ்சேரியில் மரவேலை நடக்கிறது. யூதத் தெருவில் பழைய மரச்சாமான் கடைகள் இருக்கின்றன. பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறார்கள். கதவு, சன்னல், உத்தரம், படிக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் தச்சர் வேண்டும். ஆனால் வேலை கொடுப்பவர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்.

"மெஷின் ஓட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பலர் "தெரியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் தாங்களாகவே பழகுகிறார்கள். சிலர் அப்படிப் பழகும்போது விரலை இழக்கிறார்கள். விரல் போனால் தொழிலும் போகும். அதனால்தான் மின்கருவியை ஒரு பயிற்சி வகுப்பில் பழக வேண்டும்.

வேலை தெரிந்தவருக்கு ஏன் வகுப்பு?

இருபது ஆண்டுகள் உளி பிடித்தவர் இப்படிக் கேட்கலாம்: "எனக்கு மரம் தெரியும். தேக்கு தெரியும், அயினி தெரியும். நார் போகும் திசை தெரியும். இனி என்ன கற்க வேண்டும்?"

அவர் சொல்வது பாதி சரி. மரத்தைப் பற்றிய அறிவு மின்கருவி பிடித்தாலும் வேண்டும். அளவு எடுப்பது, கோடு போடுவது, பொருத்து வைப்பது எல்லாம் பழைய அறிவுதான். அது வீண் போகாது.

ஆனால் உடம்பின் பழக்கம் வேறு. உளி நம் கையின் வேகத்தில் போகும். கை நின்றால் உளியும் நிற்கும். மின்கருவி அப்படி அல்ல. சுவிட்சை விட்ட பிறகும் ரம்ப வட்டு சில நொடிகள் சுற்றும்.

தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை மிதித்து, கையால் அறுப்பது நம் ஊர்ப் பழக்கம். கை ரம்பத்துக்கு அது சரியாக இருந்தது. மின் ரம்பத்துக்கு அது ஆபத்து. மரத்தை மேசையில் வைத்துப் பிடிப்பானால் இறுக்க வேண்டும். இரண்டு கையும் கருவியைப் பிடிக்க வேண்டும். பழைய பழக்கம் ஒரே நாளில் மாறாது. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துத் திருத்தினால்தான் மாறும். வகுப்பின் பயன் இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பல 4 அங்குலக் கருவிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 சுற்று சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 200 சுற்று. அந்த வட்டின் ஓரம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. நம் கை அந்த வேகத்தில் விலகுமா? விலகாது. ஆகவே கை அங்கே போகாதபடி முதலிலேயே பழக வேண்டும்.

வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்?

நல்ல வகுப்பில் முதல் பாடம் சுவிட்சைப் போடாமலே நடக்கும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். எது மூடி, எது கைப்பிடி, எது பூட்டும் பொத்தான் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வட்டு மாற்றிப் பழக வேண்டும். வட்டு மாற்றும்போது எப்போதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

அடுத்த பாடம் கழிவு மரத்தில் நடக்கும். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொருவராகச் செய்ய வேண்டும். துளை போடுதல், நேராக அறுத்தல், வளைவாக அறுத்தல், இழைத்தல், விளிம்பில் வேலைப்பாடு செய்தல் என்று வரிசையாகப் போகும்.

கொச்சியில் பாடம் பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். இழைப்புளியை அங்கே சிந்தேர் என்பார்கள். ரம்பத்தை வாள் என்பார்கள். உளி இரண்டு மொழியிலும் உளிதான். கையால் கற்கும் பாடத்துக்கு மொழி பெரிய தடை அல்ல. புரியாததைத் திரும்பக் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

கருவி மேல் இருப்பதைப் படியுங்கள்

1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மட்டாஞ்சேரி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கக் கற்றோம். கருவியின் மேல் ஒட்டிய தகட்டையும் படிக்க வேண்டும்.

அதில் ஆர்.பி.எம். என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். வட்டின் மேலும் ஓர் எண் இருக்கும். அந்த வட்டு தாங்கும் அதிக வேகம் அது. வட்டில் உள்ள எண், கருவியில் உள்ள எண்ணைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கருவியில் 12,000, வட்டில் 10,000 என்று இருந்தால் அந்த வட்டை மாட்டாதீர்கள். அது உடைந்து தெறிக்கலாம்.

வட்டில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அது சுற்றும் திசை. கருவியில் உள்ள அம்புக்குறியும் அதுவும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

சதுரத்துக்குள் ஒரு சிறிய சதுரம் வரைந்திருந்தால் அந்தக் கருவிக்கு இரட்டைக் காப்பு உண்டு. அதற்கு எர்த் கம்பி தேவையில்லை. அந்தக் குறி இல்லாத கருவிக்கு மூன்று முனைப் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம் வேண்டும்.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கலாமா?

பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் பல் உள்ள வட்டை மாட்டிப் பிளைவுட் அறுக்கிறார்கள். விலை குறைவு, எடையும் குறைவு என்பது காரணம். சிலர் மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். "மூடி இருந்தால் கோடு தெரியவில்லை" என்கிறார்கள். சிலர் அதைப் பலகையின் அடியில் தலைகீழாகத் திருகி, மேசை ரம்பமாக ஆக்குகிறார்கள்.

இது ஏன் தவறு? மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தில் கீழ்ப் பக்கம் ஒரு நகரும் மூடி உண்டு. அறுக்கும்போது அது விலகும். அறுத்து முடிந்ததும் வில் இழுத்து, அது தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் இந்த மூடி இல்லை. மரத்தைவிட்டு எடுத்த பிறகும் பல் வெளியே சுற்றும். நம் தொடைக்கும் விரலுக்கும் மிக அருகில் சுற்றும்.

கருவி ஏன் பின்னால் துள்ளுகிறது?

நீளப் பலகையை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் அறுத்தால் என்ன ஆகும்? பலகை நடுவில் தாழும். அறுத்த வாய் மூடிக்கொண்டு வட்டை நெரிக்கும். சுற்ற முடியாத வட்டு, கருவியை நம் பக்கம் தூக்கி எறியும். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும்.

இதைத் தடுக்க நான்கு வழிகள்:

1. அறுக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பலகையைத் தாங்குங்கள். விழும் துண்டு தாராளமாகக் கீழே போகட்டும்.
2. வட்டின் பல், மரத்துக்குக் கீழே கொஞ்சம்தான் தெரிய வேண்டும். ஒரு பல்லின் உயரம் போதும்.
3. வட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். சற்று ஒதுங்கி நில்லுங்கள்.
4. மழுங்கிய வட்டை மாற்றுங்கள். அழுத்தித் தள்ளாதீர்கள்.

பழைய வீட்டு மரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உள்ளே துருப்பிடித்த ஆணி ஒளிந்திருக்கும். மின் இழைப்புளியின் கத்தி அதில் பட்டால் கத்தி உடையும். கண்ணில் தெறிக்கும். இழைக்கும் முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரமும் மழையும்

கேரளத்தில் மழை அதிகம். நனைந்த தரையில் நின்று மின்கருவி பிடிக்காதீர்கள். ஒயர் கிழிந்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பி உள்ள இணைப்பில் மட்டும் வேலை செய்யுங்கள். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் அது உடனே இணைப்பைத் துண்டிக்கும்.

மின்வெட்டு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சுவிட்சை அணைக்க வேண்டும். பூட்டும் பொத்தானை அழுத்தியபடி கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. மின்சாரம் திரும்பி வந்ததும் கருவி தானாக ஓடத் தொடங்கும். பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

உடையும் உடம்பும்

கைலி, வேட்டி, தோளில் துண்டு, மணிக்கட்டில் கயிறு, கழுத்தில் சங்கிலி எல்லாம் சுற்றும் கருவியில் சிக்கும். கால்சட்டையும் இறுக்கமான சட்டையும் மூடிய செருப்பும் நல்லது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றும் வட்டுக்கும் துளைப்பானுக்கும் அது தவறு. கையுறையின் நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். காதுக்கு அடைப்பான் வேண்டும். மூக்குக்கு முகமூடி வேண்டும். மரத்தூள் சாதாரணத் தூசு அல்ல. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் அறிவித்தது. மூக்கின் உட்பகுதியில் அந்த நோய் வரும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது.

விரல் துண்டானால் என்ன செய்வது? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

எங்கே சேரலாம்?

2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பிரதமர் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. இதில் 18 தொழில்கள் உண்டு. தச்சு வேலை அதில் ஒன்று. 18 வயது நிறைந்தவர் சேரலாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இடம். அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள் நடக்கும். மொத்தம் 40 மணி நேரம். நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை மதிப்புள்ள மின்சீட்டு உண்டு. அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு முதலில் 1 லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடன் கிடைக்கும். இப்போது பதிவு நடக்கிறதா, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பொதுச் சேவை மையத்தில் கேளுங்கள்.

கேரளத்தில் தச்சரின் நாள் கூலி 500 ரூபாயைவிட அதிகம். ஆகவே வகுப்புக்குப் போனால் அந்த வாரம் வருமானம் குறையும். இது உண்மையான இழப்புதான். ஆனால் ஒரு விபத்து பல மாதக் கூலியைத் தின்றுவிடும். இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள்.

ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்ற நிலையங்களும் தொழில் கற்றுத் தருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர், புதிதாகக் கற்றவர், பள்ளியை விட்டவர் ஆகியோருக்காகவே இவை ஏற்பட்டன. 15 முதல் 45 வயது வரை உள்ளவர் சேரலாம். பெண்களும் சேரலாம். எர்ணாகுளத்தில் ஒரு நிலையம் உண்டு. எந்தப் பாடம் எப்போது நடக்கும் என்று நேரில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மாநில அரசு 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

சேரும் முன் கேளுங்கள்

ஒரு கருவிக்கு எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் கருவியைப் பிடிக்க முறை வருமா? கண்ணாடியும் முகமூடியும் தருவார்களா? முடிவில் சான்றிதழ் உண்டா?

கடைக்காரர் ஒரு மணி நேரம் கருவியை ஓட்டிக் காட்டுவது பயிற்சி அல்ல. அது விற்பனை. பார்த்தால் மட்டும் கை கற்றுக்கொள்ளாது. நீங்கள் பிடித்து, நீங்கள் அறுத்து, ஆசிரியர் திருத்த வேண்டும். பிறகு "மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்று யார் கேட்டாலும், பத்து விரலோடும் "தெரியும்" என்று சொல்லலாம்.

படித்த பிறகு பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கிறார்களா? அவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மின்கருவியை எடுங்கள். அதன் தகட்டில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.
3. மின்வெட்டு வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?