அரைப் புள்ளியும் ஒரு புயலும்

நம் விடுதியிலே கார்ப் பந்தயம் பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஃபார்முலா ஒன்றைத் தாண்டுவதில்லை. ஜப்பானிலே சூப்பர் ஃபார்முலா என்றொரு தொடர் ஆண்டுதோறும் நடைபெறுவதை நண்பர்களிற் பலர் அறியார். நம் கோவை நாராயண் கார்த்திகேயன் 2014 முதல் 2018 வரை அதிலே ஓட்டினார். ஆகவே எனக்கு அதன்மீது எப்போதும் ஒரு கண். அதன் 2017ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. ஒருவர் மட்டுமே அமரலாம். நான்கு சக்கரங்களும் மூடப்படாமல் வெளியே நிற்கும். அவ்வாண்டு எல்லாக் குழுக்களுக்கும் ஒரே கார்தான். இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்தது. டயரும் ஒன்றே. எஞ்சின் மட்டும் டொயோட்டாவாகவோ ஹோண்டாவாகவோ இருக்கும். கருவி ஒன்றானால் முந்துவது எளிதா? ஒரு நொடியின் சிறு பின்னத்திலே பத்துப் பேர் நெருக்கியடிப்பார்கள்! வென்றவருக்கு 10 புள்ளி. ஒரே சுற்றில் இரண்டு பந்தயங்கள் நடந்த ஒகயாமாவிலோ பாதிப் புள்ளிதான். அரைப் புள்ளி என்னும் விந்தை பிறந்தது அங்கேதான்.

கடைசிச் சுற்று சுசுகாவில், அக்டோபர் 22 அன்று. அப்போது ஹிரோவாகி இஷியூராவிடம் 33.5 புள்ளி, வயது 36, 2015இலேயே பட்டம் வென்றவர். பிரான்சு நாட்டுப் பியர் காஸ்லியிடம் 33, வயது 21. மோட்டெகி, ஆட்டோபொலிஸ் இரண்டிலும் அடுத்தடுத்து வென்று அவர் நெருங்கியிருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் டோரோ ரோசோ குழுவிலே ஃபார்முலா ஒன்றுக்குள் நுழைந்தவர், அதே நாளில் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தை விட்டுவிட்டு இங்கே வந்தார்.

வந்த இடத்திலோ லான் என்னும் பெரும் புயல்! ஞாயிறன்று நடக்கவேண்டிய இரண்டு பந்தயங்களும் கைவிடப்பட்டன. நடவாத பந்தயங்களால் இஷியூரா வாகை சூடினார்.

இது நியாயமா என்று விடுதி நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். காஸ்லிக்காக எனக்கும் வருத்தந்தான். ஆனால் அந்த 33.5 புள்ளியையும் இஷியூரா ஓட்டித்தானே பெற்றார்? யாரும் தானமாகக் கொடுக்கவில்லையே! ஓட்டியிருக்கலாமே என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2014 அக்டோபர் 5 அன்று, ஒரு புயல் நெருங்கிய மழையிலே, இதே சுசுகாவில் ஃபார்முலா ஒன்று நடந்தது. பழுதான காரை அகற்ற வந்த பாரந்தூக்கி வண்டியின்மீது ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. அவரும் பிரான்சு நாட்டவரே. நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் இறந்துபோனார்.

காஸ்லி அதை மறந்தவரல்லர். 2022இல் அதே சுசுகாவில், கண் தெரியாத மழையிலே, ஓடுபாதையில் நின்ற அத்தகைய வண்டி ஒன்றைக் கடக்க நேர்ந்தபோது, வானொலியிலேயே சினந்து கத்தினார். பின்னர் பியாங்கியின் பெயரைச் சொல்லியே அதிகாரிகளைக் கேள்வி கேட்டார்.