கூடார வாயிலில் ஐந்து சகோதரிகள்

(வாசகம்: எண்ணிக்கை 27:1-11)



இன்று நாம் சிந்திக்கும் பகுதியைத் திருப்பலியில் அடிக்கடி கேட்டிருக்க மாட்டோம். செலொபுகாது என்பவர் பாலைநிலத்தில் இறந்துபோகிறார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து மகள்கள் மட்டும். வாக்களிக்கப்பட்ட நாட்டில் நிலம் பங்கிடும் வேளை வருகிறது. மகன் இல்லாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. அந்தப் பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை. அடுத்தவர் எல்லைக்கல்லைப் பிடுங்கவும் இல்லை. சந்திப்புக் கூடாரத்தின் வாயிலுக்கு வந்து, மோசே, குரு எலயாசர், தலைவர்கள், மக்கள் எல்லார் முன்னும் நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். மோசே அந்த வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரியே என்றார் ஆண்டவர். அவர்கள் பொருட்டு இஸ்ரயேலுக்கே ஒரு புதிய சட்டம் பிறந்தது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீட்டுமனை விலை ஏறிய வேகம் நமக்குத் தெரியும். கூலி வேலைக்கு நகரத்துக்கு வந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல், அல்லது சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்டு, ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். ஒருநாள் நோட்டீஸ் வருகிறது. "சாமி, காலி பண்ணச் சொல்றாங்க, பிள்ளைகளோட எங்க போவோம்?" என்று நம்மிடம் வருகிறார்கள்.

அவர்களுக்கு நாம் பொய்யான ஆறுதல் சொல்லக்கூடாது. நத்தம் நிலத்தில் நெடுங்காலம் குடியிருப்போருக்குப் பட்டா கிடைக்க வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கில் அந்த வழி இல்லை. ஏரிகளைக் காக்கத் தமிழகத்தில் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. ஏரி ஊருக்கெல்லாம் சொந்தம். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. நோட்டீசுக்குப் பதில் எழுதலாம். மாற்று இடமும் இலவச வீட்டுமனைப் பட்டாவும் கேட்டு, தனித்தனியாக அலையாமல் தெருவாகச் சேர்ந்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. (பட்டியல் இனத்தாருக்கும் உண்டு; ஞானஸ்நானம் பெற்ற தலித் மக்களை அந்தப் பட்டியலில் சேர்க்காத வேதனையை இன்னொரு நாள் பேசுவோம்.) பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்ட முறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

மனுக் கொடுத்தவர்கள் ரசீதைத் தொலைத்துவிடுகிறார்கள்; இது நம் பெரிய பலவீனம். யோசுவா நூல் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதே ஐந்து சகோதரிகள் மீண்டும் வந்து நிற்கிறார்கள். மோசே இறந்துவிட்டார், ஆட்கள் மாறிவிட்டார்கள். பழைய ஆணையை நினைவூட்டிக் கேட்ட பிறகே நிலம் கைக்கு வந்தது.

ஜெயங்கொண்டம் உழவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990-களில் அவர்கள் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் போனார்கள். திட்டமோ வரவே இல்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவு செய்தது. அதற்குள் வழக்குப் போட்ட எத்தனையோ பெரியவர்கள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். சட்டத்தின் வழி நல்லது என்று சொல்லும் நாம், அது எவ்வளவு நீளமானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அடிதடியால் பறிபோகவில்லை; விசாரணை நடந்தது, இரண்டு சாட்சிகள் வந்தார்கள், தீர்ப்பும் ஆனது. பத்திரம் ஒழுங்காக இருப்பதாலேயே ஒரு காரியம் நீதியாகிவிடாது.

இதைக் கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் மனை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் இல்லாத மனைகளை ஏழைகளிடம் தவணைக்கு விற்றவர்கள் நம் கோவிலிலும் இருக்கிறார்கள். 2016-இல் உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியபோது தவித்தது யார்? வாங்கியவர்கள்தான். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது; அந்தக் கட்டணமும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. விற்றவர் அதில் ஒரு பங்கையாவது ஏற்பது ஈகை அல்ல, கடன். நிலம், வீடு, வேலை மூன்றும் புனிதமான உரிமைகள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் மக்கள் இயக்கங்களிடம் பேசினார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு நம் தெருவில் எத்தனை? எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, மூன்று மாத வாடகையை மட்டும் முன்பணமாகப் பெற்று, ஒரு குடும்பத்தைக் குடிவைக்கலாமே.

நோட்டீஸ் வந்தவர்கள் அந்தத் தாள், குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது, மின்கட்டண அட்டை இவற்றை எடுத்துக்கொண்டு ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். மனுவை உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.